நான்கு வினாடிகள்

கோலசிலாங்கூர்
11 மார்ச் 2024

குகனுக்கு,

உன் பெயருக்கு முன் வழக்கமாக எழுதும் 'அன்புத் தம்பி' இம்முறை இல்லை. அது மறதியால் விடுபட்டதன்று.

வழக்கறிஞர் உன் செய்தியைச் சொன்னார்: "அக்கா அறிக்கையை மாத்திக் குடுத்தா நான் வெளிய வந்துடுவேன்." மாற்றித் தரமாட்டேன். ஏன் என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

பிப்ரவரி இருபத்தாறு, திங்கட்கிழமை, காலை பத்து மணி, செம்பனை எண்ணெய் ஆலை. உதிர்ந்த செம்பனைப் பழத்தை இழுத்துச் செல்லும் திருகுக் கன்வேயரின் தொட்டிக்குள் செல்லன் கையை விட்டு, சிக்கியிருந்த காம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். இயக்க அறையில் நீ ஒருவன் மட்டும் இருந்தாய். கன்வேயர் ஓடியது. திருகு அவருடைய வலக்கையை முழங்கை வரை இழுத்து முறித்து அரைத்தது. ஃபிட்டர்கள் திருகைப் பின்னோக்கிச் சுற்றி வெளியே எடுத்ததற்குக் கை என்று பெயரில்லை. அதைப் பழச்சாக்கில் சுற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்; மருத்துவர் பார்த்துவிட்டு அப்படியே கட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அறையின் பச்சைப் பொத்தானைத் தட்டிவிட்டால் சங்கு ஊதும். இரண்டு வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் கன்வேயர் ஓடும். சங்குக்குரிய தனிப் பொத்தான் உடைந்து, மாற்றித் தர ஆளில்லாமல் கிடந்த காலத்தில், ஒரே பொத்தானை இரு பணிக்கும் பழக்கியவள் நான். பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள், பழைய கையேடுகளை மட்டுமே ஆசிரியராகக் கொண்டவள் எழுதிய நிரல் அது. ஆறு ஆண்டுகளாக ஒரு நாளும் தவறியதில்லை.

விபத்துக்குப் பின் ஆலை என்னைத்தான் அழைத்தது. பொத்தானைக் கழற்றினேன், மாட்டினேன், நூறு முறை சோதித்தேன். பழுதில்லை. பொத்தான் இணைந்த கணினியின் பதிவைத் திறந்தேன். பொத்தான் நான்கு வினாடிகள் அழுத்தப்பட்டிருந்தது. தட்டிய விரல் நான்கு வினாடி நிற்காது. ஆகவே எழுதினேன்: 'உள்ளீட்டுச் சாதனத்தில் குறை எதுவும் காணப்படவில்லை. அழுத்தம் இயக்குபவரின் விரலால், விருப்பத்துடன் நிகழ்ந்தது.'

'விருப்பத்துடன்' என்ற ஒரு சொல்தான் உன்னை உள்ளே வைத்திருக்கிறது என்பதை அறிவேன். ஆனால் விபத்துக்கு மூன்று நாள் முன்பு தொழிலாளர் குடியிருப்பில், லயத்து வாசலில் நடந்ததையும் அறிவேன். செல்லன் தன் மனைவி கங்காவைத் தலைமயிரைப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தபோது நீ பாய்ந்து அவர் மூக்கை உடைத்தாய். "இன்னொரு தடவ இந்தக் கை அவ மேல பட்டுச்சு, கையவே எடுத்துடுவேன்" என்று கத்தினாய். லயமே கேட்டது. நானும் கேட்டேன்.

சொன்னதைச் செய்துவிட்டாய். சிறையோடு நிற்காது, ரோத்தான் பிரம்படியும் உண்டு என்கிறார் வழக்கறிஞர். ஒரே வயிற்றில் பிறந்த காரணத்துக்காக என் எழுத்து பொய் பேசாது.

அமராவதி

*

சிறையிலிருந்து
19 மார்ச் 2024

அக்காவுக்கு,

உங்க மாதிரி எழுத எனக்கு வராது. பேசுற மாதிரியே எழுதுறேன்.

கங்காவோட அண்ணன் ஜீவனுக்கு ஜெயிலுக்குள்ள ஆள் இருக்கு. குளிக்கிற இடத்துல மூணு பேர் சுத்திக்கிட்டானுங்க. ஒருத்தன் இரும்பு வாளியால இடது காதுல அடிச்சான். விழுந்ததும் விலாவுல மிதிச்சானுங்க. "செல்லனுக்கு எப்படி வலிச்சிருக்கும், இப்ப தெரியுதா?"ன்னு கேட்டுக் கேட்டு மிதிச்சானுங்க. காதுக்குள்ள இப்ப ஒரு சங்கு ஓயாம ஊதுது. நான் தட்டினப்ப ஊதாத சங்கு.

நான் தட்டினேன் அக்கா. அவ்வளவுதான். தேத்தண்ணி வந்துடுச்சு. பத்து மணிக்கு எல்லாரையும் குடிக்கக் கூப்பிட ஒரு தட்டு தட்டுவேன். சங்கு கேட்டா செல்லன் தொட்டியிலருந்து கைய எடுத்துட்டு வெளிய வருவாரு. கரண்ட் நிக்க மெயின் சுவிட்சை அடைக்கணும்னா அந்தக் கோடி வரைக்கும் நடக்கணும்; நின்ன நிமிஷத்துக்கெல்லாம் மேனேஜர் கத்துவாரு. அதனால ஒருத்தரும் அடைக்கறதில்ல. அந்தச் சங்கை நம்பித்தான் கைய விடுறாங்க. நான் அவரை வெளிய கூப்பிடத்தான் தட்டினேன்.

சங்கு ஊதல. சரி, வழக்கம்போல லேட்டுன்னு நெனச்சு கிளாஸை எடுத்தேன். கிளாஸ் வாய்க்கு வரல, கன்வேயர் ஓடுது. சிவப்புப் பொத்தான்ல பாஞ்சு விழுந்தேன். அவர் கத்தின சத்தம் கன்வேயர் நின்னப்புறமும் நிக்கல.

'வழக்கம்போல லேட்டு'ன்னு ஏன் சொல்றேன்? பிப்ரவரி நாலாம் தேதி, ஞாயித்துக்கிழமை, ஆலை லீவு. நீங்க வந்து கணினியில புதுசா என்னமோ ஏத்தினீங்க. அதுக்கப்புறம்தான் அப்பப்ப சங்கு லேட்டா ஊத ஆரம்பிச்சுது. உங்களக் கூப்பிட்டேன். நீங்க உக்காந்து, மவுஸைப் பிடிச்சுக்கிட்டு, திரையைப் பாத்துக்கிட்டே என்னைத் தட்டச் சொன்னீங்க. இருபது தடவ. இருபதும் சரியா ஊதிச்சு. அப்ப என்ன சொன்னீங்க? "ஏன்டா, உன் மூஞ்சியப் பாத்தா மட்டும் பொத்தானுக்குக் கோவம் வருதா?" எல்லாரும் சிரிச்சாங்க. செல்லன்தான் ரொம்ப சிரிச்சாரு. "வயசாயிடுச்சு லா, பொத்தானுக்கு ஒரு பொண்ணு பாருங்க"ன்னாரு. அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்கல.

செல்லனை அடிச்சேன், இல்லன்னு சொல்லல. அடிக்கணும்னா மூஞ்சிக்கு நேரா நின்னு அடிப்பேன். அறைக்குள்ள உக்காந்து பொத்தானை வெச்சு அடிக்கிற ஆளா நான்?

குகன்

*

கோலசிலாங்கூர்
27 மார்ச் 2024

குகனுக்கு,

நேற்று முற்பகல் கங்கா என் கணினிக் கடைக்கு வந்தாள். கையில் குலை வெட்டும் அரிவாள். முதல் வீச்சில் மேசைமேலிருந்த இரண்டு திரைகள் போயின. அடுத்த வீச்சைத் தடுத்தபோது என் இடது முன்கை கிழிந்தது, ஏழு தையல்.

"உன் தம்பி எனக்காக அடிச்சானாம். நான் கேட்டேனா? சொல்லுடி, நான் கேட்டேனா?" என்றாள். வாடிக்கையாளர் ஒருவர் பின்னாலிருந்து அவள் இடுப்பைப் பிடித்தார். அவரை உதறிவிட்டு, அடுக்கில் இருந்த விசைப்பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து வெட்டினாள். எழுத்துகள் பல்லாய்ச் சிதறின.

"என்னை அடிச்ச கைதான். இல்லேங்கல. ஆனா அந்தக் கைதான் எம் பிள்ளைக்குச் சோறு பெசஞ்சு ஊட்டுச்சு. இப்ப அவரு சட்டைப் பித்தான நான் போட்டு விடுறேன். போடும்போது என்னை மொறைக்கிறாரு. அடிக்கக் கை இல்லாம மொறைக்கிறாரு. அது அடியவிட மோசமா இருக்கு."

அரிவாளைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் புகார் கொடுக்கவில்லை.

உன் கடிதத்துக்கு வருகிறேன். பிப்ரவரியில் நான் ஏற்றியது புதிய கெர்னல், இயங்குதளத்தின் உட்கரு, சாதனங்களுக்கும் நிரல்களுக்கும் நேரம் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி. பழையதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டதால் ஏற்றினேன். ஆலையில் உள்ள கணினிக்கும், கிடங்கில் உள்ள மாற்றுக் கணினிக்கும், என் கடையில் உள்ள மூன்றாவதற்கும் ஒரே நாளில் ஏற்றினேன். கணினிக்கு ஆள் முகம் தெரியாது. என் எதிரில் ஒரு விதமாகவும் உன் எதிரில் வேறு விதமாகவும் அது நடக்க வழியில்லை. பழியைப் பொருளின் மேல் போடுவது எளிது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கிளாஸை எந்தக் கையால் எடுத்தாய்?

அமராவதி

*

சிறையிலிருந்து
5 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

வலது கை. தட்டின அதே கை.

இடது கைதான் செல்லன் மூக்கை ஒடைச்ச கை. வெள்ளிக்கிழமை அது பலூன் மாதிரி வீங்கி, நீங்களேதான் மருந்து தடவிக் கட்டுப் போட்டீங்க. "ஒரு வாரம் எதையும் பிடிக்காதே"ன்னு சொன்னீங்க. திங்கக்கிழமை எனக்கு இருந்தது ஒரு கைதான். நாலு வினாடி பொத்தான்ல இருந்தா கிளாஸை எந்தக் கை எடுத்துச்சு?

நேத்து வாளியால அடிச்சவனைத் தனியாப் பிடிச்சேன். சுவத்துல மூஞ்சிய வெச்சுத் தேச்சேன். ரெண்டு பல்லு கீழ விழுந்துச்சு. என்னைத் தனி அறையில போட்டுட்டாங்க. இது நான் வேணும்னே செஞ்சது அக்கா. வேணும்னே செஞ்சதை நான் ஒத்துக்குவேன். உங்களுக்கு அது தெரியும்.

கடையில அதே மாதிரி ஒரு பெட்டி இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மவுஸைத் தொடாம, கையைக் கட்டிக்கிட்டு, ஒரு தடவ தட்டிப் பாருங்க. பாக்க மாட்டீங்க. பாத்தா உங்க அறிக்கை கெட்டுப் போயிடும்.

இனிமே எழுத வேணாம்.

குகன்

*

கோலசிலாங்கூர்
22 ஏப்ரல் 2024

தம்பி குகனுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்கும் உரிமையை நான் இழந்துவிட்டேன்.

கடையைச் சாத்திவிட்டு மூன்றாவது கணினியில் அதே வகைப் பொத்தானை இணைத்தேன். முதலில் நாற்பது முறை தட்டினேன். ஒன்றும் தவறவில்லை, உன்னை நினைத்துச் சினந்தேன். பிறகுதான் என் வலக்கையைப் பார்த்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் விடையைத் திரையில் குறிப்பதற்காக அது மவுஸின் மேலேயே இருந்தது.

மவுஸைக் கழற்றித் தரையில் வைத்தேன். ஒரு தட்டு, பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, விடையை நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். அறுபது தட்டுகள். பதினொன்று தவறின. அவற்றுள் நான்கு, கன்வேயர் ஓடுவதைக் காட்டும் விளக்கை எரியவிட்டன. விளக்கு எரிந்த நேரத்தில் என் விரல் என் மடியில் இருந்தது. பதிவில் மட்டும் அது பொத்தானின் மேல் இருந்தது. மிக நீண்டது நான்கேகால் வினாடி.

காரணத்தைக் கண்டுபிடிக்க எட்டு நாள் ஆயிற்று. பழைய கெர்னல், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், வினாடிக்கு இருநூற்றைம்பது முறை கண்விழித்துச் சுற்றிப் பார்க்கும். புதியது, வேலையில்லாதபோது அந்த விழிப்பை நிறுத்திக்கொள்கிறது. 'இன்ன நேரத்தில் எழுப்பு' என்று கடிகாரத்திடம் சொல்லிவிட்டு உறங்குகிறது. புதிய கணினிகளில் அதனால் தீங்கில்லை. நம் பெட்டிகள் மிகப் பழையவை. அவை ஆழ்ந்து உறங்கினால், எழுப்ப வேண்டிய கடிகாரமும் கூடவே உறங்கிவிடுகிறது.

பொத்தானை அழுத்தினால் அது கணினியை நேராகத் தட்டி எழுப்பும். விரலை எடுத்ததை, நிரல் இடையிடையே கண்விழித்துப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அப்படி எழுதியவள் நான். நீ தட்டினாய்; கணினி அறிந்தது. நீ விரலை எடுத்தாய், கணினி உறங்கியது. விழித்தபோது நான்கு வினாடி கடந்திருந்தது. விரல் இன்னும் இருக்கிறதா என்று கேட்கும் முன்பே, 'இரண்டு வினாடி ஆயிற்று, ஓட்டு' என்ற என் கட்டளை நிறைவேறியது.

மவுஸின் ஒவ்வோர் அசைவும் கணினியை எழுப்பிவிடுகிறது. உறங்குகிறவரை உலுக்கிக்கொண்டே, இவருக்குத் தூக்க நோய் இல்லை என்று சான்று எழுதியிருக்கிறேன். உன் முகத்துக்கும் பொத்தானுக்கும் பகையில்லை. நீ கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழக்கமுள்ளவன். நான் அப்படி உட்காராதவள். வேற்றுமை அவ்வளவே.

உன் கைக்கு நானே கட்டுப் போட்டேன். அதே விரல்களால் 'விருப்பத்துடன்' என்று எழுதினேன்.

புதிய அறிக்கையைக் காவல்துறைக்கும் வழக்கறிஞருக்கும் ஆலைக்கும் கொடுத்துவிட்டேன். அதன் கடைசி வரிகள்: 'இயக்குபவர் பொத்தானைத் தட்டி விரலை எடுத்துவிட்டார். அதை அறியத் தவறியது நான் எழுதிய நிரல். தவறச் செய்தது நான் ஏற்றிய கெர்னல். முன்பே வந்த முறையீட்டை எள்ளி ஒதுக்கியவள் நான்.' கணினியைத் தொடக்கும் கட்டளை வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் அது ஆழ்ந்து உறங்காது. பத்து நிமிட வேலை. செய்து தருகிறேன் என்றேன். மேனேஜர் என்னை வாசலைத் தாண்ட விடவில்லை.

செல்லனிடம் நானே நேரில் சொல்லப்போகிறேன். வழக்கறிஞர் வேண்டாம் என்கிறார். காகிதத்தில் மட்டும் உண்மை பேசுகிறவளாக இருக்க விரும்பவில்லை.

அமராவதி

*

சிறையிலிருந்து
29 ஏப்ரல் 2024

அக்காவுக்கு,

போகாதீங்க.

ஜீவன் ஆளுக்கு எப்படியோ சேதி வந்துடுச்சு. "உன் அக்காதான் செஞ்சதாமே. அவளுக்கும் இருக்கு"ன்னு சாப்பாட்டுத் தட்டை என் மேல வீசிட்டுச் சொன்னான். செல்லன் இருக்கற ஈஜோக் லயத்துப் பக்கமே போகாதீங்க. கடையையும் பூட்டுங்க.

உங்களை மன்னிக்கல. எட்டு வாரம் மிதி வாங்கியிருக்கேன். உங்க மேல எனக்கு இருக்கற கோவத்துக்கு நீங்க முழுசா இருக்கணும். போகாதீங்க.

குகன்

*

கோலசிலாங்கூர்
20 மே 2024

அன்புத் தம்பி,

எழுத்து கோணலாக இருக்கும். இடக்கையால் எழுதுகிறேன். நீண்ட வாக்கியம் வராது.

உன் கடிதம் வருமுன் போய்விட்டேன். ஜீவன் அங்கே இல்லை. செல்லன் மேசையருகே உட்கார்ந்திருந்தார். கங்கா அடுப்படியில் இருந்தாள். அறிக்கையில் உள்ளதை எல்லாம் சொன்னேன். கடிகாரம், உறக்கம், விழிப்பு. முழுவதும் கேட்டார்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க" என்றார்.

"என் தப்பு" என்றேன்.

"சோதிச்சுப் பாத்தப்ப மவுஸ் மேல இருந்தது எந்தக் கை?"

வலக்கையை மேசைமேல் வைத்துக் காட்டினேன். மேசையடியில் சுத்தியல் இருந்தது. அவருடைய இடக்கைக்கு அது பழக்கமில்லை. முதல் அடி பலகையில் விழுந்தது. நான் கையை எடுக்கவில்லை. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. கங்கா ஓடிவந்து அவர் மணிக்கட்டைக் கடித்தாள். சுத்தியல் விழுந்த பிறகும் கடித்துக்கொண்டே இருந்தாள்.

அவளே என் கையைத் துண்டில் சுற்றி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனாள். வழியில் கேட்டாள். "ஏன் கைய எடுக்கல?" தெரியவில்லை என்றேன். "எனக்கும் அப்படித்தான் லா" என்றாள். 

மருத்துவரிடம், கதவு நசுக்கியது என்றேன். மூன்று விரல்கள் இனி மடங்கா.

உன் மேல் போட்ட வழக்கைத் திரும்பப் பெறுகிறார்கள். மே முப்பது, வியாழன், வெளியே வருவாய்.

ஒரு செய்தி. அதிகாரிகள் ஆலையின் கணினிக்கு முத்திரையிட்டுக் கொண்டுபோனார்கள். மேனேஜர் கிடங்கில் இருந்த மாற்றுக் கணினியை மாட்டிவிட்டார். அதுவும் நான் ஏற்றிய அதே கெர்னல். ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று முறை போனேன். ஆலைக் காவலர் என்னைப் பிடித்துச் சாலையில் தள்ளினார்.

கடைச் சாவி பழைய இடத்தில் இருக்கிறது.

அக்கா

*

பாகான் நக்கோடா ஓமார்
10 ஜூன் 2024

அக்காவுக்கு,

வெளிய வந்தேன். கடைக்கு வரல. பஸ் உங்க கடை முன்னாலதான் நின்னுச்சு. நீங்க இடது கையால பூட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தீங்க. எறங்கத்தான் எழுந்தேன். உங்க வலது கையில இருந்த கட்டைப் பாத்ததும் மறுபடி உக்காந்துட்டேன். இங்க படகு வேலை. இடது காது போனது போனதுதான். வலை இழுக்கக் காது வேணாம்.

வெள்ளிக்கிழமை என் சாமான எடுக்க ஆலைக்குப் போனேன். இயக்க அறையில உமாபதி அண்ணன் உக்காந்திருந்தாரு. முன்ன லோரி ஓட்டினாரே, அவர்தான். இடது கையால மவுஸை மேசைமேல சும்மா அப்படியும் இப்படியும் தேச்சுக்கிட்டு இருந்தாரு. வலது கை பச்சைப் பொத்தான் பக்கத்துல.

"என்ன அண்ணே, மாவு தேய்க்கிறீங்களா?"

"மேனேஜர் சொன்னாரு தம்பி. மவுஸை ஆட்டிக்கிட்டே தட்டினா ஒண்ணும் ஆவாதாம். உங்க அக்காதான் எழுதிக் குடுத்தாங்களாம்."

"கை வலிச்சா?"

"வலிச்சா கொஞ்சம் விடுவேன் லா. மனுசன்தானே."

கண்ணாடி வழியா கீழ பாத்தேன். தொட்டி மேல ஒரு முதுகு. தோள் வரைக்கும் உள்ள. மணி பத்தாக அஞ்சு நிமிஷம். உமாபதி அண்ணன் என்னைப் பாத்துப் பேசிக்கிட்டே மவுஸை விட்டுட்டு, பாக்கெட்ல சிகரெட்டைத் தேடுறாரு.

மொதல்ல சிவப்பை அடிச்சேன். அப்புறம் அந்தக் கோடி வரைக்கும் நடந்து போய் மெயின் சுவிட்சை அடைச்சேன். ஆறு வருஷத்துல மொத தடவ. நாப்பத்தெட்டு அடிதான் அக்கா. எண்ணினேன். தொட்டிக்காரரை வெளிய வாங்கன்னு கத்தினேன். ரெண்டு கையோட வந்தாரு.

அப்புறம் சுவத்துல மாட்டியிருந்த தீயணைப்புக் கோடாலியை எடுத்துக்கிட்டு மேல ஏறினேன். மொத வெட்டு திரை. அடுத்தது பெட்டி, மூடி பொளந்து உள்ள இருந்ததெல்லாம் வெளிய வர்ற வரைக்கும் வெட்டினேன். மேனேஜர் பின்னாலருந்து கழுத்தைப் பிடிச்சாரு. திரும்பி நெத்தியால மோதினேன். அவர் உதடு கிழிஞ்சு உக்காந்துட்டாரு. யாரும் கிட்ட வரல. பச்சைப் பொத்தானை வயரோட பிடுங்கிக்கிட்டு வாசல் வழியாவே நடந்து வந்தேன்.

இந்தக் கடிதத்தோட பொட்டலத்துல இருக்கறது அதுதான். உங்களுடையது, உங்ககிட்டயே இருக்கட்டும்.

போலீஸ் என்னைத் தேடுது. ஓடப் போறதில்ல. இன்னிக்குப் போற படகு நாளைக்குக் கரைக்கு வந்ததும் நானே ஸ்டேஷனுக்குப் போறேன். கணினிய ஒடைச்சதுக்கு உங்ககிட்டதான் அறிக்கை கேப்பாங்க. இடது கையாலயே எழுதிக் குடுங்க. எத்தனை வெட்டுன்னு கேட்டா ஒம்போதுன்னு எழுதுங்க. இந்தத் தடவ 'விருப்பத்துடன்'ங்கற சொல்லை எடுத்துடாதீங்க.

குகன்